பின்வாசல் முகவரி

செந்தாமரை தேன்குழல் அச்சை வாணலிக்கு மேலே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. எதிரே, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அனிதா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், எண்ணெய் தெறிக்காத உயரத்தில், சுவர் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. பைக்குள் செந்தாமரையின் போன். காலையிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"சார்ஜு இருக்குல்ல?" என்றாள் செந்தாமரை.

"இருக்குக்கா."

"சிக்னலு?"

"அதுவும் இருக்கு."

"அப்ப ஊருல அம்புட்டுப் பேருக்கும் வயித்துவலியா?" என்று உதவிக்கு இருந்த ஆயி கேட்டாள். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சீப்பில் அழுத்திய மாவுக் கீற்றை விரலில் சுற்றி நுனியை ஒட்டிச் சீப்புச் சீடையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "தீவாளி வாசல்ல வந்து நிக்குது. ஒருத்தருக்கும் பலகாரம் வேணாமா?"

செந்தாமரை தேன்குழலைத் திருப்பிப் போட்டாள். தீபாவளி ஆர்டரை நம்பித்தான் அவள் ஆயியை வேலைக்குச் சேர்த்திருந்தாள், மாவும் எண்ணெயும் மூட்டையும் டின்னுமாக இறக்கியிருந்தாள். ஆர்டர் வராவிட்டால் இந்த அடுப்படியையே விட்டுவிட்டு, பழையபடி கல்யாணச் சமையல் மாஸ்டர்களுக்குக் கையாளாகப் போக வேண்டியதுதான். ஆயி வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அது காரைக்குடியில் ஒரு பெரிய செட்டியார் வீட்டின் அடுப்படிக் கட்டு. அந்த மாதிரி வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, முற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போய், கடைசியில் அடுப்படி. வீட்டுக்காரர்கள் பல பங்காளிகள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில். விசேஷம் என்றால்தான் முன்கதவு திறக்கும். அடுப்படிக் கட்டை மட்டும் பின்வாசலோடு செந்தாமரைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவளுடைய அடுப்படிக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே ஒரு நீலக் கதவு உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் அந்தப் பக்கம்.

அனிதா லேப்டாப்பில் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. கல்லலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போய், டிரைவிங் ஸ்கூல், பல் டாக்டர், டைல்ஸ் கடை என்று காரைக்குடியில் பத்துப் பேருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறாள். ஆனால் இதைச் செய்த மாதிரி எதையும் செய்ததில்லை. எழுதத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இந்த முக்காலியில் சும்மா உட்கார்ந்து, செந்தாமரைக்கு வரும் போன்களை மட்டும் கேட்டாள். யாரும் "பாரம்பரியச் சுவை" என்று கேட்கவில்லை. "மணகோலம் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார்கள். "பார்சல்ல சீடை உடையாம வருமா?" என்று கேட்டார்கள். "பொண்ணுக்குச் சீர் வைக்க எத்தனை வகை போடணும்?" என்று கேட்டார்கள். வாயால் கேட்கிறதைத்தானே மனுசர் தேடும்போதும் விரலால் தட்டுவார்கள்? அந்தக் கேள்விகளையே பக்கத்துக்குப் பக்கம் தலைப்பாகப் போட்டு, செந்தாமரை சொன்ன பதிலை அப்படியே கீழே எழுதினாள். படங்களின் எடையைக் குறைத்தாள். கிராமத்து டவரில்கூட பக்கம் சட்டென்று திறந்தது. ஆறே மாதத்தில், பலகாரம் என்று தேடினால் முதல் வரிசையில் செந்தாமரை வந்தாள்.

இப்போது அதே தேடலைத் தன் போனில் போட்டாள். வெப்சைட் இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய மேப் பெட்டியில், செந்தாமரையின் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. நிரந்தரமாக மூடப்பட்டது.

"அக்கா, அடுப்பைக் கொறச்சுட்டு இங்க வாங்க."

செந்தாமரை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "யாரு மூடுனது? நான் இங்கதான நிக்கிறேன்?"

"மேப்புல மூடிட்டாக."

"அவுக யாரு மூடுறதுக்கு?"

அனிதாவுக்குக் கேள்வி பிடித்திருந்தது. "ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாகன்னு வைங்க. தரகர் வந்து, நல்ல புள்ள, நல்ல குடும்பம்னு சொல்றாரு. அதுதான் நம்ம வெப்சைட்டு. அதோட விடுவாகளா? தெருவுல வந்து நாலு பேருக்கிட்ட விசாரிப்பாக. அதுதான் மேப்பு. தெருவுல நாலு பேரும், அந்த வீட்டுல பொண்ணே இல்லையேன்னு சொல்லிட்டா?"

"அடிப்பாவிகளா," என்றாள் ஆயி.

"கடைக்காரவுக பேச்சைவிட, வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனவுக பேச்சைத்தான் மிஷினு அதிகமா நம்பும். ஏன்னா, பொய் சொல்லி அவுகளுக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்லை."

"வந்தவுக யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாக. தட்டு நெறையக் குடுத்துத்தான அனுப்புறேன்."

அனிதா மேப்பைப் பெரிதாக்கினாள். சிவப்புக் குண்டூசி அவர்கள் இருந்த இடத்தில் இல்லை. முன்தெருவில் குத்தி நின்றது.

அவள் லேப்டாப்பை மூடினாள். பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கி, மூலை திரும்பி, முன்தெருவுக்கு நடந்தாள். வீடு நீண்டுகொண்டே போனது. முன்கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அருள்பாண்டி கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க பலகாரம் வாங்க யாரும் வந்தாகளா?"

"வராம? கார்ல வாராக. எறங்கிப் பூட்டைப் பாக்குறாக. வீட்டைப் போட்டோ எடுக்குறாக. போனை நோண்டுறாக. போயிர்றாக."

"பின்னாடித் தெருவுல இருக்குன்னு நீங்க சொல்லக் கூடாதா?"

"நல்லாக் கேட்ட போ! என்கிட்டக் கேட்டாத்தானத்தா சொல்லுவேன்? எல்லாரும் போன்கிட்டயில்ல கேக்குறாக."

திரும்பி நடக்கும்போதே அனிதாவுக்கு முழுதும் விளங்கிவிட்டது. மேப்பில் கடையைப் பதிவு செய்யும்போது வாடகைப் பத்திரத்தில் இருந்த கதவு எண்ணைத்தான் கொடுத்தாள். இத்தனை நீள வீட்டுக்கும் அந்த ஒரே எண்தான். அது முன்கதவுக்கு உரியது. கல்லலில் அவள் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். முகவரி ஓரிடத்திலும் வேலை இன்னோரிடத்திலும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முன்பெல்லாம் போன் செய்தவர்களிடம் செந்தாமரை தன் வாயால் "பின்தெருவுக்கு வாங்க" என்று சொன்னாள். மேப் வந்த பிறகு பலர் போன் செய்யாமலே வந்து, பூட்டைப் பார்த்து, கடை மூடிவிட்டது என்று மேப்பில் தட்டிவிட்டுப் போனார்கள்.

"தப்பு என்னோடது அக்கா. நானே சரி பண்றேன்," என்றாள்.

"எப்பிடி?"

"ரெண்டு வழி இருக்கு. மொதல்ல லேசான வழி."

முன்கதவுப் பக்கம் ஓர் அம்புக்குறி போட்ட பலகை வைத்தால் போதும். வீட்டுப் பங்காளிகளில் வாடகை வாங்குபவர் நாச்சியப்பன். அவர் சென்னையில் இருந்தார். அனிதா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்.

"முகப்புல போர்டாம்மா?" என்று சிரித்தார் அவர். "அதுக்கு எல்லாப் பங்காளியும் சம்மதிக்கணும். ஒருத்தர் பினாங்குல இருக்காரு. ரெண்டு பேரு பேசிக்கிறதே இல்ல. நீங்க பின்வாசல்லயே பாத்துக்குங்க."

"சரி, அப்ப கஷ்டமான வழி," என்றாள் அனிதா போனை வைத்துவிட்டு. அவள் முகத்தில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை.

குண்டூசியைப் பின்வாசலுக்கு நகர்த்தவும், கடை உயிரோடு இருக்கிறது என்று காட்டவும் மேப் கம்பெனிக்கு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். நடுவில் வெட்டாமல், ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும். தெரு தெரிய வேண்டும், கடையின் பெயர்ப்பலகை தெரிய வேண்டும், கடைக்காரர் தன் சாவியால் கதவைத் திறக்க வேண்டும், உள்ளே வேலை நடப்பது தெரிய வேண்டும். "பலகையை யாரு வேணும்னாலும் வந்து படம் பிடிச்சிரலாம். பூட்டை யாரு வேணும்னாலும் தெறக்க முடியுமா? அதுக்குத்தான் சாவி," என்று அனிதா விளக்கினாள். இந்த விதியை யோசித்தவன் கெட்டிக்காரன் என்று அவளுக்கு அவன்மேல் மரியாதையே வந்தது.

சிக்கல் தெருவில் இருந்தது. சந்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மேப்பிலும் பெயர் இல்லை.

"கழுதைச் சந்துன்னு போடு. எங்க மாமியா அப்பிடித்தான் சொல்லும்," என்றாள் ஆயி.

"பலகாரக் கடைக்கு நல்ல பேரு!" என்றாள் செந்தாமரை.

அனிதா சந்தில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள். மின்கம்பத்தில் மஞ்சள் பெயின்டில் எண் எழுதியிருந்தது. மூலையில் தண்ணீர்த் தொட்டி. கம்பமும் தொட்டியும், மேப்பில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் நிழலோடு தெரிந்தன. பெயர் இல்லாவிட்டால் என்ன? தொட்டியில் தொடங்கி, கம்பத்து எண்ணைக் காட்டி, அங்கிருந்து கதவுக்கு நடந்தால் எவனும் இடத்தை மறுக்க முடியாது.

முதல் தடவை ஓர் ஆடு குறுக்கே வந்தது, ஆயி அதைத் திட்டியது முழுவதும் பதிவானது. இரண்டாம் தடவை செந்தாமரை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னக்கா இது?"

"வீடியோங்கிறியே."

"வேலை செய்யிற சேலையோட வாங்க. மிஷினுக்கு எண்ணெக் கறைதான் சாட்சி."

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. தொட்டி, கம்பம், பலகை. செந்தாமரை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். உள்ளே போய் அச்சை எடுத்து, கேமராவைப் பார்க்காமல், ஒரு சுற்றுச் சுற்றினாள். எண்ணெய் பொங்கியது.

மறுநாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள், ஆயி சீடை டப்பாவைக் குலுக்கி மூடும் நேரத்தில், ஆணியில் தொங்கிய பை அதிர்ந்தது. சிங்கம்புணரியிலிருந்து ஓர் அம்மா. "மேப்பு சந்துக்குள்ள கூட்டியாந்து விட்டிருக்கு, தண்ணித் தொட்டிக்கிட்ட நிக்கிறேன், சரியாங்க?"

"அங்கயே இருங்க, நான் வாரேன்," என்று செந்தாமரை மாவுக் கையோடு ஓடினாள். அன்று மாலைக்குள் பையைத் திரும்ப ஆணியில் மாட்ட நேரமில்லாமல் போன் அடித்தது. ஆயி தன் மருமகளையும் வேலைக்குக் கூட்டி வந்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நாச்சியப்பன் வந்து இறங்கினார். கூடவே ஒரு டூர் கம்பெனி ஆள். முன்கதவைத் திறந்தார்கள், வளவைக் கழுவினார்கள், தரைக்கு மெழுகு போட்டுத் துடைத்தார்கள். பழைய வீடு பார்க்க வருகிறவர்களைப் பஸ்ஸில் கூட்டி வந்து காட்டப்போவதாகப் பேச்சு. இதற்கு மட்டும் பினாங்கிலிருந்தும் சம்மதம் வந்துவிட்டது. நாச்சியப்பன் அனிதாவை முகப்புக்கு வரச்சொன்னார்.

"பலகாரம்னு தேடினா நம்ம வீடுதான் மேல வருதாமே? கெட்டிக்காரிம்மா நீ. மேப்புல அந்தப் புள்ளியை முன்பக்கமா மாத்திரு. வர்றவங்க இந்த முகப்பைப் பாக்கட்டும்."

"அது மாத்த முடியாதுங்க சார்."

"ஏன்?"

"அது உங்க வீட்டுப் புள்ளி இல்லை, அக்கா கடைப் புள்ளி. சந்துல வீடியோ எடுத்து நிரூபிச்சது. இப்ப முன்னாடி நகத்துனா மறுபடி மூடிரும். ரெண்டுக்கும் இல்லாம போயிரும். வீட்டுக்கு வேணும்னா தனியா ஒண்ணு பண்ணித் தாரேன். வெப்சைட்டும் பண்ணலாம்." தன் ரேட்டைச் சொன்னாள், குறைக்காமல்.

அவர் கொஞ்சம் யோசித்து, சரி என்றார். "அப்ப பஸ் வர்ற நேரத்துக்குப் பலகாரத்தை இங்க கொண்டாந்து வைக்கச் சொல்லிரு. நல்ல வியாபாரம் ஆகும்."

"நல்லதுங்க சார். அந்த நீலக் கதவைத் தெறந்து விட்டீகன்னா நேரா வந்துருவாக."

"அது வேணாம்மா." அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. "இப்பத்தான் தரைக்கு மெழுகு போட்டிருக்கு. எண்ணெக் காலு. சுத்தி வரட்டும்."

முதல் பஸ் உச்சி வெயிலில் வந்தது. அனிதா வீட்டு வெப்சைட்டுக்குப் படம் எடுக்கக் கேமராவோடு வாசலில் நின்றாள். இறங்கியவர்களை டூர் ஆள் வாசலுக்கு நேரே வரிசையாக நிறுத்தினார்.

"இங்க நின்னு உள்ள பாருங்க. கதவுக்கு நேரா கதவு, அதுக்கு நேரா கதவு. முன்வாசல்ல நின்னா பின்வாசல் வரைக்கும் பார்வை தடையில்லாமப் போகணும்னு கட்டியிருக்காங்க."

எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அனிதாவும் கேமராவைக் கண்ணில் வைத்தாள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, ஒன்றுக்குள் ஒன்றாகக் கதவுநிலைகள் சிறுத்துக்கொண்டே போயின. மெழுகிட்ட தரையில் வெளிச்சம் ஓடியது. அந்த நேர்கோட்டின் கடைசியில், உள்ளங்கை அளவுக்கு, நீலக் கதவு சாத்தியிருந்தது. அதன் அடி இடுக்கிலிருந்து புகை கசிந்தது.

தெரு மூலையில் செந்தாமரை திரும்பினாள், தலையில் தேன்குழல் டின். பின்னால் ஆயி, இடுப்பில் ஒரு டின். அதற்குப் பின்னால் மருமகள். வெயிலில் வீட்டின் நீளச் சுவரை ஒட்டியே நடந்து வந்தார்கள். அருள்பாண்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் அங்கயே நில்லுங்க," என்று டூர் ஆள் அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "படத்துல விழுவீங்க."

மூன்று பேரும் டின்னை இறக்காமல் நின்றார்கள்.