மேல வண்டி

லென் ட்ரான்டரின் முதுகுப் பையில் இருப்பது வாழைப்பழம் இல்லை என்று நெவிலுக்கு இரண்டாவது மைலிலேயே தெரிந்துவிட்டது. சைக்கிள்காரர்களின் சட்டையில் முதுகுக்குக் கீழே மூன்று பைகள் இருக்கும். பழம், ரொட்டி, மழைக்கோட்டு எல்லாம் அதில்தான் போகும். லென்னின் நடுப்பை மட்டும் கனத்துத் தொங்கி, ஒவ்வொரு மிதிக்கும் அவன் இடுப்பில் இடித்தது. மேல் விளிம்பில் அரைச்சாண் மரப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. லென் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். அந்தச் சுத்தியலை நெவில் அவன் பட்டறையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"என்ன நெவில், லென் முதுகையே பாத்துக்கிட்டு வர்றீங்க? அவன் பொண்டாட்டிகூட அவ்வளவு பாக்க மாட்டா" என்றாள் பக்கத்தில் மிதித்த பெரில். ஸ்டோக் ஹேவலில் வீடு வீடாகத் தபால் போடுகிறவள் அவள். நாய்க்கும் பயப்பட மாட்டாள், பாதிரியாருக்கும் பயப்பட மாட்டாள்.

நெவில் பார்வையைப் பாதைக்குத் திருப்பினார். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ராய் ட்ரான்டர் செத்து அன்றோடு மூன்று வாரம். லென்னுக்கு அண்ணன். ஊரைச் சுற்றியிருக்கிற சந்து பொந்தெல்லாம் அவனுக்கு உள்ளங்கை ரேகை. சைக்கிள் குழு ஞாயிற்றுக்கிழமை எந்த வழியாகப் போவது என்று அவன்தான் திட்டம் போடுவான். ஆப்பிள் தோப்பு வழியாக ஏறி, காக்கைக் குன்றைத் தாண்டி, ஓடையை மிதித்துக் கடந்து, டீக்கடையில் கேக் தின்று திரும்புவதற்கு முப்பத்தெட்டு மைல். அதற்கு ராயின் சுற்று என்றே பேர். அன்றைக்கும் அந்தச் சுற்றுதான் என்று மாதா கோயில் வாசலில் லென் சொல்லியிருந்தான். அடக்கத்துக்குப் பிறகு முதல் ஓட்டம் என்பதால் பலருக்கு மனசு வரவில்லை. மூன்று பேர்தான் கிளம்பினார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் முதலில் போனவர் நெவில். பின்னால் ராய், அவனுக்குப் பின்னால் பெரில். லென் அன்று நொண்டிக் குதிரை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான் பாதை. வளைவில் எதிரே பண்ணைக்காரன் கிளைவ் புரோபர்ட்டின் பிக்கப் வண்டி வந்தது. நெவில் குரல் கொடுத்தார். அடுத்த நொடி வண்டியின் முன்கம்பி ராயின் மார்பில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டது. ராய் வேலிக்கு மேலே பறந்து, முள்ளில் தலைகீழாகத் தொங்கினான். வாயிலிருந்து வந்த ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கிப் போடுவதற்குள் உயிர் போயிற்று.

புரோபர்ட்டை ஊரில் யாருக்கும் பிடிக்காது. சைக்கிள்காரர்களைக் கண்டால் காறித் துப்புவான்; ஒரு தரம் ராயை வேலியோரம் தள்ளியும் விட்டிருக்கிறான். அதனால் வேண்டுமென்றே ஏற்றிவிட்டான் என்று எல்லாரும் பேசினார்கள். போலீஸ் கேட்டபோது, "எச்சரிச்சுக் குரல் குடுத்தேன்" என்றார் நெவில். போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டார். என்ன குரல் என்று கேட்கவில்லை.

அந்தக் குரல்தான் மூன்று வாரமாக நெவிலைத் தூங்கவிடவில்லை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். இந்த ஊர்க் குழுவில் "மேல வண்டி" என்றால், பின்னாலிருந்து நம்மேல் ஏறி வருகிறது என்று பொருள். "கீழ வண்டி" என்றால் எதிரே இறங்கி வருகிறது. நெவில் நாற்பது வருடம் சைக்கிள் மிதித்த வடக்கத்தி யார்க்‌ஷயரில் இது நேர் தலைகீழ். அங்கே மேல என்றால் முன்னால், கீழ என்றால் பின்னால். "வடக்க சூரியனே மேற்கால தானே உதிக்கும்" என்று ராய் கேலி செய்து செய்தே அவருக்கு இந்த ஊர்ப் பேச்சைப் பழக்கியிருந்தான். இரண்டு வருடம் பிசகாமல் சொன்னார். ஆனால் பயந்த நாக்கு பிறந்த வீட்டுக்குத்தான் ஓடும். வளைவில் பிக்கப்பைப் பார்த்ததும் அவர் வாயில் வந்தது "மேல வண்டி". ராய் பின்னால் வருகிறது என்று நினைத்து வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தான். தலை போகிற பக்கம் சைக்கிளும் போகும். பாதையின் நடுவுக்குப் போனான்.

நாற்சந்தி வந்தது. ராயின் சுற்று வலது பக்கம். லென் இடது பக்கம் திருப்பினான்.

"லென், வலது பக்கம்ல போகணும்" என்று பெரில் கூப்பிட்டாள்.

"தெரியும்."

அந்தப் பாதை புரோபர்ட்டின் பண்ணையில் போய் முடிகிறது. வேறு எங்கேயும் போகாது.

நெவில் எழுந்து நின்று மிதித்தார். லென்னை எட்டிப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று மிதித்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று, லென்னுக்கு நாற்பது. இடைவெளி கூடிக்கொண்டேதான் போனது.

புரோபர்ட் முற்றத்தில் மண்வாரியால் ஆப்பிளை டிரெய்லரில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். இறுக்கமான சட்டையோடு மூன்று பேர் வருவதைப் பார்த்து, "சர்க்கஸ் வந்திருச்சா? இது என் எடம், ரோட்டுல போறவங்க ரோட்டோட போங்க" என்றான். அப்புறம்தான் லென்னின் முகத்தைப் பார்த்தான். மண்வாரி பாதியில் நின்றது.

லென் சைக்கிளை அப்படியே கீழே போட்டான். "எங்கண்ணன உன் வண்டி முன்கம்பில எவ்வளவு மிச்சம் வெச்சிருக்கேன்னு பாக்க வந்தேன்."

"லென்னு, நான் வேகமாக்கூட வரலடா."

லென் சுத்தியலை உருவி, முற்றத்தில் நின்ற பிக்கப்பின் முன்விளக்கை உடைத்தான். அடுத்த விளக்கையும் உடைத்தான். கண்ணாடியில் மூன்று அடி அடித்தான். நொறுங்கி உள்ளே கொட்டியது. பாய்ந்து வந்த நாயை ஒரே உதையில் டிரெய்லருக்கு அடியில் தள்ளினான். அது அங்கேயே கிடந்து ஊளையிட்டது. நாயை உதைத்ததும் புரோபர்ட்டுக்கு வெறி வந்துவிட்டது. மண்வாரியை இரண்டு கையாலும் ஓங்கி லென்னின் விலாவில் வீசினான். லென் மடங்கினான், ஆனால் விழவில்லை. மண்வாரி மறுபடி ஓங்கியபோது சுத்தியல் புரோபர்ட்டின் மணிக்கட்டில் விழுந்தது. பச்சைக் குச்சி முறிகிற மாதிரி சத்தம். அடுத்த அடி தோள்பட்டையில். புரோபர்ட் ஆப்பிள் குவியலின்மேல் மல்லாந்து விழுந்தான். லென் அவன் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"லென், விட்டுரு" என்று பெரில் கத்தினாள். இரண்டு கையாலும் அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் ஒரு இடி வாங்கிப் போய் விழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

நெவில் ஓடினார். சைக்கிள் செருப்பின் அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை இருக்கும், கல் பாவிய தரையில் அது நிற்காது. நாலே எட்டில் வழுக்கி முகம் அடிபட விழுந்தார். முன்பல் ஒன்று போனது. தலையைத் தூக்கியபோது லென் சுத்தியலால் புரோபர்ட்டின் நெற்றியில் மெல்லத் தட்டுவதைப் பார்த்தார்.

லாடம் அடிக்கிறவர்கள் ஆணியை எடுத்த எடுப்பில் அறைய மாட்டார்கள். மெல்ல இரண்டு தட்டு தட்டி இடம் பார்ப்பார்கள். மூன்றாவது அடிதான் உள்ளே இறக்கும்.

லென் இரண்டாவது தட்டைத் தட்டினான்.

"நான்தான் லென். ராயைக் கொன்னது நான்."

சுத்தியல் மேலேயே நின்றது.

"நான் கத்தினது தப்பு" என்று ரத்தத்தோடு சொன்னார் நெவில். "மேல வண்டின்னு கத்திட்டேன்."

"இவன் முன்னாலதானே வந்தான்."

"ஆமா."

"அப்ப கீழன்னுல்ல சொல்லணும்."

"ஆமாப்பா. எங்க ஊர்ப் பேச்சு வாயில வந்திருச்சு."

லென் நம்பவில்லை. "இவனக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க" என்றான். பிறகு திரும்பிப் பார்த்தான். "பெரில்?"

பெரில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நானும் திரும்பிப் பாத்தேன் லென். நான் இடது தோள் வழியா பாத்தேன். அதனால வேலியோரமாப் போனேன். அதான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"அவரே சொல்வாருன்னு இருந்தேன்."

லென் புரோபர்ட்டின் மேலிருந்து எழுந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, ஆப்பிளை மிதித்து நசுக்கிக்கொண்டு நடந்து வந்தான்.

"மூணு வாரம். எங்க வீட்டு மேசையில உக்காந்து எங்கம்மா கையால சாப்பிட்ட. அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுத."

அதுவரை நீங்க என்று பேசியவன் அவன். நெவிலுக்குப் பல்லைவிட அதுதான் வலித்தது.

லென் முட்டி போட்டு உட்கார்ந்து, நெவிலின் வலது முழங்காலில் சுத்தியலை வைத்தான். மெல்ல ஒரு தட்டு. இன்னொரு தட்டு. காலை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. நெவில் இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது அடியில் முழங்கால் சில்லு உடைந்து உள்ளே போனது. நெவிலின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் தோப்புக் காக்கைகள் கிளம்பின. லென் மறுபடி ஓங்கினான். இந்த முறை தட்டிப் பார்க்கவில்லை. நேராகத் தலைக்கு ஓங்கினான்.

யாரும் புரோபர்ட்டைக் கவனிக்கவில்லை. கையும் தோளும் போன மனிதன் தவழ்ந்தே வந்து, லென்னின் கெண்டைக்காலைப் பல்லால் கவ்வினான். கவ்வியவன் விடவில்லை. லென் அலறிக்கொண்டு சாய்ந்தான். சுத்தியல் கைநழுவி உருண்டது. பெரில் எட்டி எடுத்து, சாணிக் குட்டைக்குள் வீசினாள். லென் புரோபர்ட்டின் தலையில் வெறுங்கையால் ஏழெட்டு குத்து குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் பலம் குறைந்தது. கடைசியில் உடைந்த விலா அவனை விடவில்லை. கையை ஊன்றி உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினான். அப்போதுதான் புரோபர்ட் வாயைத் திறந்தான்.

"எனக்கே தெரியாது" என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டு. "வேணும்னே ஏத்திட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அவ்வளவு வெறுப்பு எனக்கு உங்க மேல."

டிரெய்லருக்கு அடியில் நாய் முனகியது. பெரில் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மூன்று பேர், இல்லை, நாலு பேர் என்றாள்.

நெவில் வானத்தைப் பார்த்துக் கிடந்தார். கால் தன்னுடையது மாதிரியே இல்லை. ஆனால் மூன்று வாரமாக மேல்வாயில் ஒட்டியிருந்த நாக்கு விடுபட்டிருந்தது. வாய் முழுக்க இரும்பு ருசி. கொஞ்ச தூரத்தில் லென் ஒரு ஆப்பிளைக் கையில் வைத்து, அதன் அடிபட்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். நெவிலின் பக்கம் அவன் பார்க்கவில்லை.

முக்கால் மணி கழித்து பெரில் வாசல் கேட்டுக்குப் போய் நின்றாள். தூரத்தில் ஆம்புலன்ஸின் ஊதல் கேட்டது. வேலிகளுக்கு நடுவில் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவது போலிருந்தது.

"வண்டி வருது" என்றாள் பெரில்.

லென் ஆப்பிளிலிருந்து தலையைத் தூக்கினான். "எந்தப் பக்கம்?"

பெரில் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, கையை நீட்டிக் காட்டினாள்.