ஓடுற மெஷின்

ஊற்றிய பால் உள்ளே இறங்கவில்லை. வாயோரமாக வழிந்து தலையணையை நனைத்தது. ரத்தினம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"எறங்குதா?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள் முத்தாயி. படுக்கையில் கிடந்த, ரத்தினம்மாவின் புருஷன் வைரக்கண்ணுவுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. தம்பியை ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்து உட்கார்ந்தவள்.

"இல்ல அண்ணி."

"இருக்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. என்ன உசுருடி இது!"

ரத்தினம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. புரட்டிப் போடுவதும் துடைப்பதும் துவைப்பதுமாக, கடைசியாக எப்போது உட்கார்ந்து சோறு தின்றோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. மாற்றிவிட ஆளில்லை. போய்ச் சேர்ந்தால் தேவலை என்று காலையில் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். நினைத்த மாத்திரத்தில் தன் வாயில் தானே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

முத்தாயி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தீர்த்துவிட்டால் உயிர் தானாகப் பிரியும். வந்த அன்றைக்கே தன் தாலியிலிருந்த பொன்காசை உரசித் தண்ணீரில் கலந்து வாயில் விட்டாள். அசையவில்லை. மறுநாள் மண்ணாசை என்று கோயில் வாசல் மண்ணைக் கரைத்து ஊற்றினாள். ஊரில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத மனுஷனுக்கு மண்ணாசை எங்கிருந்து வரும்? அதற்கும் அசையவில்லை.

"அவனுக்கு எதும்மேலதான் ஆசை? நல்லா யோசிச்சுச் சொல்லு ரத்தினம்."

யோசிக்க என்ன இருக்கிறது? ரத்தினம்மா திரும்பிப் பின்கதவைப் பார்த்தாள். வெளியே சந்தில், பாதி வழியை அடைத்துக்கொண்டு, படுதா போர்த்தி நின்றது கார்.

கார் என்று அதை அவர் மட்டும்தான் சொல்வார். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. வெள்ளைக்காரன் கப்பலுக்கு ஆயுசு முழுக்க நட்டு முடுக்கியவருக்கு, சொந்தமாக ஒரு கார் கட்டி அதில் பெண்டாட்டியை உட்காரவைத்து சிராங்கூன் ரோட்டில் ஓட்டவேண்டும் என்று ஆசை. யாரோ இடித்து நொறுக்கிய மாரிஸ் வண்டியின் அடிச்சட்டத்தை வாங்கி வந்தார். இஞ்சின் வந்தது. சக்கரம் வந்தது. தகடு வெட்டி வளைத்து, கதவும் கூரையுமாகக் கம்பியால் கட்டி நிறுத்தியும் ஆயிற்று. பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒரு வெல்டிங் மெஷின் வேண்டும். அது மட்டும் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவார். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கதை சொல்வார். ஒரு மெஷினில், உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் கருகின வாடை. இன்னொன்றில் கேபிள் வெடித்திருக்கிறது. வேறொன்று கப்பல் தகட்டுக்குத்தான் லாயக்கு, கரண்டைக் குறைக்க முடியாது, கார்த் தகட்டில் வைத்தால் பொத்துப்போகும். கையிலிருந்த காசுக்கு நல்ல மெஷின் வராது, வருகிற மெஷின் நல்லதில்லை.

"மலிவாவும் இருக்கணும், நல்லதாவும் இருக்கணும்னா, அது ஆகாசத்துலேர்ந்துதான் விழணும்," என்பாள் ரத்தினம்மா. ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரிப்பார்.

விஷயத்தைக் கேட்டதும் முத்தாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள்.

"அப்ப அதை வாங்கியாந்து கைய வச்சுத் தொட வையி. கட்டை நிம்மதியாப் போவும்."

"நம்மகிட்ட அவ்வளவு எங்க அண்ணி இருக்கு? அது வெல பிடிக்குமே."

"ஓடற மெஷினா வேணும்? கெட்டுப்போனது ஒண்ணு சல்லிசாக் கெடைக்கும்ல. இரும்பு வெலைக்குக் குடுப்பான். போறவன் அதுல பத்தவச்சா பாக்கப்போறான்?"

சரி என்றுதான் ரத்தினம்மா கிளம்பினாள். மறுத்துப் பேசவும் தெம்பில்லை. தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றும் பக்கத்து வீட்டு சாகுல் ஹமீது, தன் சின்ன லாரியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கான புண்ணியத்தை அவருக்கு அல்லா தரட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுங்கை ரோடு சந்தை சேறும் சகதியுமாகக் கிடந்தது. பழைய இரும்பு விற்கும் யாக்கூப்புக்கு அவளைத் தெரியாது. யார் வீட்டுக்காரி என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணன் ஏன் வர்றதே இல்ல? ஒடம்புக்கு என்ன?"

"படுத்திருக்காரு."

அதோடு நிறுத்திக்கொண்டு, வெல்டிங் மெஷின் வேண்டும் என்றாள். யாக்கூப் இரண்டு மெஷின்களைக் காட்டினார். ஒன்றுக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. பார்க்க லட்சணம். உள்ளே காயில் செத்துப்போனது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். மற்றது துருப்பிடித்து, மூடி நசுங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஓடும். விலையும் அதற்குத் தக்கபடி.

பச்சையைக் கைகாட்டிவிட்டு அவள் போயிருக்க வேண்டும். அதற்குத்தானே வந்தாள்?

"இதுல கரண்டு எவ்வளவு கொறையும்?" என்று துருப்பிடித்ததைக் காட்டிக் கேட்டாள். கேட்ட பிறகுதான், கேட்டது தான்தான் என்று அவளுக்கே உறைத்தது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் வருஷக்கணக்கில் காதில் விழுந்ததெல்லாம் எங்கேயோ போய்த் தங்கியிருந்திருக்கிறது.

"மெல்லிசுத் தகட்டுக்கா? நல்லாக் கொறையும்கா. பாக்குறீங்களா?"

பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினார். ஒரு தகரத் துண்டை எடுத்துப் போட்டு, "வெளிச்சத்தப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்," என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தாள். வெடித்துத் துப்பினால் கெட்ட மெஷின். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டால் நல்லது. வீட்டில் அவர் சொன்னது. அப்பளம் அவளுக்குத் தெரியாதா? சீராகப் பொரிந்தது. தகரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை.

"இதை அண்ணன் எத்தனையோ வாட்டி தொறந்து பாத்துட்டாருக்கா," என்றார் யாக்கூப். "ஒரு கொறை சொல்லல. வெலையும் அவருக்காக எறக்கித்தான் சொன்னேன். ஆனா வாங்க மாட்டாரு. 'இருக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கெழமை பாக்கலாம்'னு போயிடுவாரு. வாங்கிட்டா அப்புறம் ஞாயித்துக்கெழமைக்கு எங்க போவாரு, சொல்லுங்க?"

யாக்கூப் சிரித்தார். ரத்தினம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. அட பாவி மனுஷா! குறையே இல்லாத மெஷினைப் பார்த்துவிட்டு வந்தா வாரம் ஒரு குறை சொல்லிச் சோறு தின்றாய்? ஆத்திரம் அடங்கியதும், அந்தப் பச்சை மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்தச் சந்தையில் ஒருத்தராலும் ஏமாற்ற முடியாத மனுஷனை, கண் மூடிக் கிடக்கிற நேரம் பார்த்துப் பெண்டாட்டி ஏமாற்றுவதா? பெயின்ட் அடித்த பிணத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பதா?

காதில் கிடந்த தோட்டைக் கழற்றி யாக்கூப்பிடம் கொடுத்தாள். "மேல ஆவுற காசுக்கு இதை வச்சுக்குங்க. அந்தத் துருப்புடிச்சதையே ஏத்துங்க பாய்."

வீட்டுக்கு வருவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. சாகுல் ஹமீதும் இன்னொருவருமாக மெஷினை இறக்கிப் பின்சந்தில், காரை ஒட்டினாற்போல் வைத்தார்கள். முத்தாயி எட்டிப் பார்த்தாள். அவள் கண் மெஷினிலிருந்து ரத்தினம்மாவின் வெறும் காதுக்குப் போனது.

"அடியே, ஓடற மெஷினா வாங்குன? தோட்டையா குடுத்த? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஆமா அண்ணி."

"சரி, ஆனது ஆச்சு. உள்ள கொண்டாரச் சொல்லு. கைய வச்சுத் தொடட்டும். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிரும்."

முடிந்துவிடும். அதற்காகத்தான் போனாள். இந்த வேட்டி துவைப்பதும், பால் வழிவதும், மூச்சு எப்போது நிற்கும் என்று காத்துக் கிடப்பதும் இன்றோடு சரி. ரத்தினம்மா உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு இன்னும் போகவில்லை. காதோரம் குனிந்தாள்.

"என்னங்க. சுங்கை ரோடு போயிருந்தேன். யாக்கூப் பாய் கடையில எல்லாத்தையும் பாத்தேன்."

மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"ஒண்ணும் சரியில்லீங்க. ஒண்ணு காயில் போயிருக்கு. இன்னொண்ணு தகட்டைப் பொத்துரும். எதையும் வாங்கல. அடுத்த ஞாயித்துக்கெழமை போய்ப் பாக்கலாம். என்ன?"

அவர் உதடு லேசாக அசைந்தது. "ம்" என்ற மாதிரி இருந்தது. ரத்தினம்மாவுக்கு அது போதும்.

கதவருகே நின்ற முத்தாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, மெஷினைப் பின்னால வச்சுக்கிட்டு இல்லேங்கிற? அவனைப் போகவிட மாட்டியா?"

"மாட்டேன் அண்ணி. எனக்கு மனசு வரல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "காலையிலதான் போய்ச் சேரட்டும்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். இப்ப முடியல. இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டுமே. நான்தான பாக்கப்போறேன்?"

முத்தாயி வந்து தம்பியின் காலடியில் உட்கார்ந்தாள். மழை வலுத்தது.

ஒரு வாரம் கிடைக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ரத்தினம்மா திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினபோது, முத்தாயி தம்பியின் மார்பில் கையை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தினம்மா கிட்டே வந்து குனிந்தாள். இழுத்த மூச்சு மறுபடி வரவில்லை.

"ஆசப்பட்டது வாசல்ல வந்து நிக்க, அத அறியாமப் போனியே ராசா!" என்று முத்தாயி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அந்தக் குத்தல் தனக்குத்தான் என்று ரத்தினம்மாவுக்குத் தெரியும். இருக்கட்டும் என்று இருந்தது. சுற்று வட்டாரம் கூடிவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் ஓரிடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தீர்ந்துபோன மாதிரி வரவே இல்லை.

பெஞ்சு போடவும் கொட்டகை கட்டவும் பின்சந்தில் ஆண்கள் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். காரைத் தள்ளிச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். மெஷினைத் தூக்கி, எங்கே இறக்குவது என்று பார்த்தார்கள்.

"இந்த ஓரத்துல போடுங்க. சும்மா பழைய இரும்புதான," என்றது ஒரு குரல்.

ரத்தினம்மா எழுந்தாள். சுற்றி இருந்த பெண்கள் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

"தரையில வைக்காதீங்க பாய். தண்ணி நிக்குது. அது ஓடுற மெஷின். பலகை போட்டு அதுமேல வைங்க."

சாகுல் ஹமீது பலகை தேடிப் போனார். தூக்கியவர்கள் பாரத்தோடு காத்து நின்றார்கள். மெஷின் பலகையில் நேராக உட்காரும்வரை ரத்தினம்மா அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு அதன்மேல் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டு உள்ளே போனாள்.