அந்த வண்டிக்குச் சிவப்பு ஆகாது

கிரேஸ் காரின் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். கியர் பெட்டிக்குள் இறங்கியிருந்த, ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையால் அதன் நுனியைத் துடைத்தாள்.

வீட்டுக்குள் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில், குளிர்பெட்டிக்குள், அவளுடைய அப்பா தாஸ் நேற்றிலிருந்து படுத்திருந்தார். பாதி ஜெபத்தில் மகள் எழுந்துபோய், நேற்று இழுத்துவந்து சந்தில் விட்ட காரைக் குடைகிறாள் என்று பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரி ஜன்னல் வழியே பார்த்து, வாயில் கை வைத்தாள். வைக்கட்டும்.

கைக்குட்டையில் சிவப்பு.

நல்ல சிவப்புகூட இல்லை. பழுப்பேறி, ஓரமெல்லாம் கறுத்த சிவப்பு. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். கருகின நாற்றம். நம்ப முடியாமல் டிப்ஸ்டிக்கை மறுபடி விட்டு எடுத்து, நுனியில் நின்ற ஆயிலை உள்ளங்கையில் வழித்து விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். நெறுநெறுவென்று பொடி தட்டியது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

வைட்ஃபீல்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஆட்டோமேட்டிக் கியர் வேலைதான். இந்தக் காருக்கு ஊற்ற வேண்டியது தேன் நிறத்து ஆயில். இதன் கியர் பெட்டிக்குள் ஒரு இரும்பு பெல்ட் இரண்டு கப்பிகளைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கவ்வலுக்கென்றே தனி ஆயில் வருகிறது. மற்ற ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலை இதற்கு ஊற்றினால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடு. ஏற்றத்திலும் நெரிசலிலும் சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில், உள்ளே எல்லாம் உடையாமல் இருக்க, வண்டி தானே இழுக்காமல் நின்றுவிடும்.

நேற்றுக் காலை அதுதான் நடந்தது. தாஸுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தம்பி கிஷோர் அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டு கிளம்பினான். மேம்பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். ஒரு ஆட்டோ கிடைக்க இருபது நிமிஷம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உடம்பு மட்டும்தான் இருந்தது. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

"கிஷோரு! இங்க வா."

வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தவன் வந்தான். இருபத்தெட்டு வயது. நேற்றிலிருந்து தூங்காத கண்கள். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"இது இன்னா?" கைக்குட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, இப்ப எதுக்குக்கா இது..."

"இன்னான்னு கேட்டேன். போன மாசம் நான் இன்னா சொன்னேன்? ஆயில் கெட்டுப்போச்சு, நான் வந்து மாத்தறேன், அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? ஏத்தத்துல ஆக்சிலேட்டர்ல தாங்கிக்கினு நிக்காதீங்க, பிரேக்க மிதிங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"அப்ப யாரு ஊத்தினது இத?"

கிஷோர் காரைப் பார்த்தான். திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தான்.

"நான்தான்."

பளாரென்று விட்டாள். ஜெபமாலை ஒரு கணம் தயங்கி மறுபடி ஓடியது. அவன் கன்னத்தில் நான்கு விரலும் கறுஞ்சிவப்பாகப் பதிந்தன.

"நேத்திலருந்து வர்றவன் போறவன்கிட்டல்லாம் டிராஃபிக்கு டிராஃபிக்குன்னு சொல்லிக்கினு நிக்கிற. டிராஃபிக்காடா கொன்னுச்சு நைனாவ?"

பெங்களூரில் டிராஃபிக் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை. கல்யாணத்துக்கு வராதவனும் டிராஃபிக் என்கிறான், அப்பனைச் சாகவிட்டவனும் டிராஃபிக் என்கிறான். கேட்பவர்களும் "அய்யோ, ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு அவரவர் மாட்டிக்கொண்ட நெரிசலைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். நேற்றிலிருந்து அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது எரிந்தது.

"மெதுவா பேசுக்கா. அம்மா காதுல வுழும்."

"வுழட்டும். கேட்டுக்கோ. நைனா பெட்டிய நீ தொடக்கூடாது. தொட்டியோ, கோயில்ல சாமியார் முன்னாடி, ஜனங்க முன்னாடி, இந்தத் துணிய விரிச்சுக் காட்டுவேன். இவன்தான்னு சொல்லுவேன்."

கெஞ்சுவான் என்று நினைத்தாள். சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, நன்றாகத் திட்டலாம். அவன் "சரிக்கா" என்றான். அந்தச் சரி அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

உள்ளே வந்து அம்மா ஆரோக்கியமேரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைக் கழுவவில்லை. குளிர்பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்து, அப்பாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. தாடையைக் கட்டியிருந்தார்கள். தங்கவயல் சுரங்கம் மூடியபின் குடும்பத்தோடு விவேக் நகருக்கு வந்து, பதினெட்டு வருஷம் ஊராருக்கு டாக்ஸி ஓட்டிய மனிதர். இடது முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும், ஆட்டோமேட்டிக்காக ஒரு பழைய வண்டியைத் தேடி வாங்கிக்கொண்டார்.

"எங்கடி போன?"

"சும்னே. சும்மா வெளிய."

"அவரு கஷ்டப்படாம போய்ட்டாரு. எல்லாம் தேவ சித்தம்."

தேவனுக்குக் கியர் ஆயிலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது. அம்மாவுக்காக அடக்கினாள். சொல்லத்தான் போகிறாள். மூன்று மணிக்குப் பூசை. அந்தப் பயல் பெட்டியில் கை வைக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

வருகிறேன் என்று அவள் சொன்னதும் உண்மைதான். அடுத்த ஞாயிறு என்றாள். அந்த ஞாயிறு ஒர்க்‌ஷாப்பில் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு ஒன்றுமே இல்லை. வைட்ஃபீல்டு அறையில் மதியம் வரை தூங்கிவிட்டு, "அடுத்த வாரம் நைனா" என்று போன் செய்தாள். "தூங்கு கண்ணு, வண்டி எங்க ஓடிப்போவப்போவுது" என்றார் அவர். அதனால் என்ன? நாலு வாரம் பொறுக்க முடியாதா இந்த கிஷோருக்கு? கடைக்காரன் எதையோ நீட்டினால் வாங்கி ஊற்றிவிடுவதா?

இரண்டரை மணிக்கு மரப்பெட்டி வந்தது. அதோடு ஜீவனஹள்ளியிலிருந்து கில்பர்ட் மாமாவும் வந்தார். அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கியவர். இப்போது மகனோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வந்தவர் தாஸின் கால்மாட்டில் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "டேய், எனக்கு முன்னாடி எறங்கிட்டியேடா" என்று ஓவென்று அழுதார். அழுது முடித்து எழுந்தவர், வாசலில் நின்ற கிஷோரைப் பார்த்தார்.

"மூஞ்சில இன்னாடா கறை?"

கிஷோர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "வண்டியப் பாத்தேன் மாமா. ஆயில் பட்டிருக்கும்."

"அந்த வண்டிதான் காலை வாரிடிச்சாமே. இன்னா அநியாயம் பாரு. வெள்ளிக்கிழமதான் நம்ம கடைக்கு வந்து நாலு லிட்டர் வாங்கிக்கினு போனான் உங்க நைனா."

"மாமா, வாங்க, காபி குடிக்கலாம்" என்று கிஷோர் அவர் கையைப் பிடித்தான்.

"இருடா. கிரேஸு, நீ கேளு. நானே எடுத்துக் குடுத்தேன், இருக்கறதுலயே ஒசந்த ஆயிலு. எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் போவும்னு டப்பாவுலயே போட்டுக்கீது. பையன அனுப்பறேன், அவன் மாத்திக் குடுப்பான்னு சொன்னேன். கேட்டானா? நானே அடியில படுத்து மாத்திக்கிறேன்னான். முட்டிய வெச்சிக்கினு எதுக்குடான்னா, 'எம்பொண்ணு வாரம் பூரா ஆயில்ல ஊறிக் கெடக்குது, இருக்கறது ஒரு ஞாயித்துக்கிழம, அன்னிக்காச்சும் அது கை சுத்தமா இருக்கட்டும்'ங்கறான். அப்படி ஒரு மனுசன்."

மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டார். "பழைய ஆயிலு போயி நல்ல ஆயிலு ஊத்தியும் அந்த சனியன் புடிச்ச வண்டி நின்னுடுச்சே. விதின்னுதான் சொல்லணும்."

கிஷோர் கிரேஸைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கேட்டது. எழுபது வயதுக் கிழவர், அவரே எடுத்துக் கொடுத்ததாக நெஞ்சில் தட்டிச் சொல்கிறார். கிரேஸின் வாய் திறந்தது.

"நல்ல ஆயிலுதான் மாமா" என்றாள். "காபி குடிங்க."

எழுந்து வெளியே வந்தாள். கிஷோர் பின்னாலேயே வந்து, காரின் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"நான்தான் டார்ச் புடிச்சேன். அக்கா தொடக்கூடாதுன்னு சொல்லிச்சே நைனான்னேன். அவ சின்னப் பொண்ணு, ஆயிலு ஆயிலுதான்டான்னாரு."

"அப்புறம் ஏண்டா நான்தான்னு சொன்ன? நான் அடிக்கிறேன், வாங்கிக்கினு நிக்கிற?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான்னு சொன்னா என்னத் திட்டுவ. நைனான்னு சொன்னா நீ யாரக்கா திட்டுவ?"

அவளுக்குத் தெரிந்தது யாரை என்று. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வரிசையாக வந்து நின்றன. மழை பெய்த ஞாயிறுகூடப் பஸ் ஓடியது. அப்பா மேல் கோபம் வந்தது, உயிரோடிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள்: நாலு வாரம் பொறுத்தால் என்னவாம், நான் கேட்டேனா உன்னை, என் கை எப்படிப் போனால் உனக்கென்ன? கத்த வேண்டும் போலிருந்தது. திறந்தே கிடந்த பானெட்டை ஓங்கி அறைந்து மூடினாள். ஜன்னலில் சாந்தகுமாரி திடுக்கிட்டாள்.

உள்ளே தாஸைப் பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவின் குரல் உயர்ந்தது. ஆணி அடிக்கும் சத்தம் நின்றது. சந்து குறுகல் என்பதால் வேன் மெயின் ரோட்டில் நின்றது, அதுவரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"மகன் எங்கப்பா? முன்னாடி புடிக்கணும்ல?" என்று யாரோ கூப்பிட்டார்கள். "கிஷோரு! டேய் கிஷோரு!"

அவன் சுவரைவிட்டு நகரவில்லை. அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்த்த ஜனங்கள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள்.

"காது கேக்கல உனக்கு?" கிரேஸ் கத்தினாள். "எத்தினி வாட்டி கூப்புடுவாங்க? வாடா! முன்னாடி புடி!"

அவன் ஓடினான். முன்பக்கத்து இடது கைப்பிடியைப் பிடித்தான். வலது பக்கம் கில்பர்ட் மாமா குனிந்தார். கிரேஸ் அவரை ஒதுக்கிவிட்டு அந்தக் கைப்பிடியைத் தான் பிடித்தாள்.

"பொம்பளப் புள்ள எதுக்கும்மா..." என்றார் யாரோ.

"தூக்குங்க."

கனத்தது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நின்றது. சந்தில் கார் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள். வெயிலில் சுட்டிருந்த பானெட் அவள் இடுப்பில் உரசியது.

எதிர்ப்பக்கம் கிஷோர் அழுதுகொண்டே வந்தான். வியர்வையும் கண்ணீரும் இறங்கி, கன்னத்திலிருந்த அவளுடைய நான்கு விரல் ஆயில் தடம் கரைந்து, சிவப்புக் கோடாகத் தாடைக்கு வழிந்து, சட்டைக் காலரில் சொட்டியது. கைக்குட்டை அவள் இடுப்பில்தான் இருந்தது. அவளுடைய இரண்டு கையிலும் பெட்டி இருந்தது.

"நடங்க, நடங்க" என்று பின்னாலிருந்து சொன்னார்கள்.