ஒன்பது சதுர அடி ஜன்னல்

நாற்பத்திரண்டு வயதுவரை நானும் அக்காவும் ஒரே அறையில்தான் படுத்தோம். அவளுக்கு விளக்கு அணைந்தால்தான் தூக்கம் வரும்; எனக்கு எதையாவது படித்தால்தான். "நடுவுல தடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்ட நாளிலிருந்து அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டது தப்போ என்று என்னையே குடைந்துகொண்டிருந்தேன். தாழிட ஒரு கதவு வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை.

நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டுத் தச்சரை வரவழைத்தேன். அறை இருபதடி நீளம், பத்தடி அகலம். தச்சர் சரிபாதியில் மரச்சட்டம் நிறுத்தினார். தெருப் பக்கத்துப் பெரிய ஜன்னல் அக்காவுக்கு, சந்துப் பக்கத்துச் சின்னது எனக்கு.

பலகை அடிக்கும் முன் நகராட்சிப் பொறியாளர் வந்தார். படுக்கையறை என்றால் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டுமாம். என் பாதி நூறு சதுர அடி.

"பத்தரை இருக்கு சார்," என்றார் தச்சர்.

"நிலையோட சேத்து அளந்திருக்கீங்க. காத்து கட்டை வழியாவா வரும்?" பொறியாளர் டேப்பை நிலைக்குள் வைத்தார். மூன்றுக்கு மூன்று, ஒன்பது. "இது சாமான் அறைதான். யாரும் படுக்கக் கூடாது."

சந்துப் பக்கச் சுவரை உடைக்கவும் அனுமதி இல்லை. அக்காவுக்கு இப்போது நிம்மதியாக இருக்கும் என்று கசப்போடு நினைத்தேன்.

தையல் மிஷினிலிருந்து அவள் நிமிர்ந்தாள்.

"துணி பத்தலைன்னா துணியவா இழுப்பாங்க? சட்டைய சின்னதா வெட்டுவாங்க. அந்தச் சட்டத்த அவ பக்கம் ஒரு அடி தள்ளுங்க. தொண்ணூறுக்கு ஒம்பது சரியா வரும்ல?"

"உங்க பக்கம் நூத்திப்பத்து ஆயிடுமேம்மா," என்றார் பொறியாளர்.

"என் ஜன்னல் பதினஞ்சு. நேத்தே அளந்துட்டேன்."

"நேத்தேவா?" என்றேன். "விதி உனக்கு எப்படித் தெரியும்?"

"விண்ணப்பத்தோட வந்த தாள்ல போட்டிருக்கே."

படிப்பதற்காக அறை கேட்ட நான் அதை மட்டும் படிக்கவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"பேசாம இருந்தேன்ல. பேசாதவ எப்படிச் சொல்றது?"

பொறியாளர் சிரித்துவிட்டார். தச்சர் சட்டத்தைக் கழற்றி ஓரடி நகர்த்தி நிறுத்தியதும், அளந்து பார்த்து, 'படுக்கையறைகள்: இரண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அந்த ஒரு அடி எனக்கு. பின்னால திருப்பிக் கேக்காத," என்றாள் அக்கா, சட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து.

"கேட்டா சாமான் அறையில போட்டுடுவாங்கக்கா."

என் ஒன்பதடியின் நடுவில் போய் நின்றேன். ஊரையே வளைத்துப் போட்டவளைப்போல் இருந்தது.