வழியெல்லாம் வாசித்தவள்

டமார் என்ற சத்தத்தோடு லோரி நின்றது. ஜெஞ்சாரோம் செம்பனை எண்ணெய் ஆலையின் கேட் தூணில் மோதி முன்பக்கம் நசுங்கியிருந்தது. ரெங்கசாமி வருடக்கணக்காக லோரி ஓட்டி நுழைகிற கேட் அது.

"தூணு வளைஞ்சில்ல நிக்குது," என்றார், ஸ்டியரிங்கை விடாமல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வள்ளியம்மா எட்டிப் பார்த்தாள். தூண் நேராகத்தான் நின்றது. மறுநாள் காலையில் கிள்ளானில் பஸ் ஏற்றி, பிரிக்பீல்ட்ஸ் கண் டாக்டர் சண்முகரத்தினத்திடம் அவரைக் கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் சோதித்தபோது அவள் வெளியே இருந்தாள்.

"அங்கிள், வலது கண்ணுல நடுப்பார்வைக்குப் பக்கத்துல ரத்தம் கசியுது. அதான் நேர்கோடெல்லாம் வளையுது. லேசர்ல சுட்டு அடைக்கலாம். சுட்ட இடத்துல பார்வை திரும்பாது, ஆனா கசிவு நடுவுக்குப் போகாம நிக்கலாம். இடது கண்ணுல பழைய தழும்பு இருக்கே, அதுல பார்வை எப்படி?"

"அது கொஞ்சம் மங்கல் டாக்டர். சமாளிச்சுக்குவேன். வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க லா. தெரிஞ்சா லோரி சாவிய ஒளிச்சு வெச்சிருவா."

லேசர் அறை இருட்டாக இருந்தது. மோவாயைத் தாங்கியில் வைத்து உட்காரவைத்தார்கள். தலை ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வள்ளியம்மாவைக் கூப்பிட்டு, அவளுக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள் நர்ஸ்.

"நல்லாப் பிடிங்க ஆன்டி," என்றார் டாக்டர். "அங்கிள், நான் வலது கண்ணுல சுடுறப்போ நீங்க இடது கண்ணால அந்தச் சின்ன விளக்கையே பாருங்க. அந்தக் கண்ணு நகர்ந்தா இந்தக் கண்ணும் நகரும். லேசர் நடுவுல பட்டுட்டா அப்புறம் யாராலயும் சரி பண்ண முடியாது. விளக்கு தெரியலன்னா சொல்லுங்க, கண்ணுக்குப் பின்னால ஊசி போட்டு அசையாம நிறுத்திடலாம். தெரியுதா?"

ரெங்கசாமி பார்த்தார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு திட்டுதான் இருந்தது. காதோரம் வள்ளியம்மாவின் கைகள் சில்லென்றிருந்தன. வீட்டில் பொழுது போகவில்லை என்று லோரியில் தொற்றிக்கொண்டு, வழியெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவள். 'பந்திங் இடப்பக்கம்னு போட்டிருக்கு. அந்தா சிவப்பு லைட்டு விழுந்திருச்சு, பாருங்க.' வாய மூடிட்டு வா என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பார். இவள் காதுபட எப்படிச் சொல்வது?

"தெரியுது," என்றார்.

"நிச்சயமா?"

"தெரியுது டாக்டர். சுடுங்க."

டாக்டரின் கால் லேசரின் மிதிகட்டையைத் தேடியது. அந்த நொடியில் வள்ளியம்மாவின் கைகள் அவர் தலையைத் தாங்கியிலிருந்து வெடுக்கென்று பின்னுக்கு இழுத்து, அவள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டன.

"ஊசியே போடுங்க டாக்டர். அந்தக் கண்ணு போயி ரெண்டு வருசமாச்சு, இல்லன்னா நான் எதுக்கு லோரியில ஏறி, ரோட்டுல உள்ள போர்டையெல்லாம் வாய்விட்டு வாசிச்சிக்கிட்டு வரேன்?"