மூன்று நிமிடம் முந்திய கடிகாரம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மல்லாந்து படுத்துக்கிடந்தபோது காதில் விழுந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஆஞ்சியோ செய்தார்கள். முன்பெல்லாம் தொடையில் குழாய் விட்டு, நாள் முழுக்க அசையாதே என்று கிடத்திவிடுவார்களாம். இப்போது மணிக்கட்டு வழியாகவே இதயம்வரை போய்விடுகிறார்கள். கை மட்டும்தான் மரத்திருக்கும். காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், டாக்டர் செய்வதையெல்லாம் கணினியில் பதிந்து, மைக்கில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பதினொன்னு பதினேழு. பலூன் விரிச்சாச்சு.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பதினாலு.

பிறகு அவளிடம் கேட்டேன். சிரித்தாள். “எக்ஸ்ரே மிஷினுக்கு ஒரு நேரம், சுவத்துக்கு ஒரு நேரம், என் கம்ப்யூட்டருக்கு ஒரு நேரம் சார். என்னுது மூணு நிமிஷம் முந்தி ஓடும்.”

“அது சரிம்மா. ஆனா நீங்க சொல்லி மூணு நிமிஷம் கழிச்சுத்தானே எனக்கு நெஞ்சை அடைச்சுது?”

அவள் சிரிப்பு நின்றது. “உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?”

2

தொடக்கம் எழுதி எழுதிக் கிழித்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறர் இதயங்களின் மொழியை அவள்— [வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நானே படிக்க மாட்டேன்.]

அந்த அறையின் குளிரில் ஏதோ ஒரு— [குளிரை விடுங்கள். ஏசி அறை குளிராமல் வேகுமா?]

அவள் அன்று சொன்னதை நேராகவே சொல்கிறேன். அவள் பதிவுக்காரி. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: முந்தி எழுதுவது. டாக்டரின் கை அவளுக்கு மனப்பாடம். ரத்தக் குழாய்க்குள் விடும் கம்பி அடைப்பைத் தாண்டியதுமே ‘பலூன் விரிந்தது’ என்று தட்டிவிடுவாள், வேலை மிச்சம். “எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டா, நான் எதுக்கும்மா எக்ஸ்ரேக்குப் பயந்து இந்த ஈயக் கோட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறேன்?” என்று டாக்டர் கிண்டல் செய்வார். முந்தி எழுதியது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. நாளாக ஆக, அதுவே அவளுக்குப் பயமாகிவிட்டது. பதிந்த வரியை யாராலும் அழிக்க முடியாது. அடியில் இன்னொரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான்.*

(* இதை நினைவில் வையுங்கள். பின்னால் எனக்குத் தேவைப்படும். உங்களுக்கும்.)

3

மேசையில் யாரைப் படுக்கவைப்பது?

முதல் வரைவில் முன்பின் தெரியாத ஒருவரைப் படுக்கவைத்தேன். பயமே வரவில்லை. ஊரார் நெஞ்சுதானே. அதனால் அவளுடைய அண்ணனைப் படுக்கவைத்தேன். சொந்தக்காரர் என்றால் பதிவில் உட்காரக் கூடாது என்று அங்கே விதி. ஆகவே இன்னொரு பதிவுக்காரிக்கு அன்று காய்ச்சல் வரவழைத்தேன். பாவம்தான். கதை எழுதுகிறவனுக்கு ஈவிரக்கம் கிடையாது.

அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். நெஞ்சு வலியை இரண்டு வாரம் வாயுப்பிடிப்பு என்று சொல்லி வீட்டை ஏமாற்றியவர். டாக்டர் கை கழுவப் போயிருந்தபோது அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

“ஏய் வாலு, என் நெஞ்சுக்குள்ள என்ன, டிராஃபிக் ஜாமா?”

“பேசாம படுண்ணே. ஒரே ஒரு இடத்துலதான் அடைப்பு.”

“அப்ப ஒன்வேல போய் மாட்டிக்கிட்டேன்னு சொல்லு.”

டாக்டர் வந்தார். கம்பி போனது. அவள் கைகள் மடியில் இருந்தன. அப்போது திரையில் தானாக ஒரு வரி விழுந்தது.

10:42 — இதயம் நின்றது.

சுவரில் பத்து முப்பத்தொன்பது. அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் மைக்கில் கத்தினாள்.

“டாக்டர், ஷாக் மிஷினை ரெடி பண்ணுங்க! அவர் எங்க அண்ணன், டாக்டர்!”

டாக்டர் நிமிர்ந்தார். “அண்ணனா? துடிப்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு? சொந்தக்காரங்க இங்க உக்காரக் கூடாதுன்னு தெரியாதா? எழுந்திரிங்க, வெளிய போங்க.”

அவள் அவசரமாக அடுத்த வரியைத் திறந்தாள். நேரம் மட்டும் விழுந்தது. அதற்குள் நர்ஸ் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

4

மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. டாக்டர் அவள் பேச்சைக் கேட்கிறார். அல்லது கேட்கவில்லை. அல்லது எல்லாம் அவளுடைய பிரமை. எதற்கும், அந்த வரிகளை அங்கே இப்படித்தான் எழுதுவார்களா என்று பார்க்க, என் பழைய ஃபைலை எடுத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது. அதுவரை பிரித்ததே இல்லை.

11:17 — பலூன் விரிந்தது.
11:19 — இதயம் நின்றது.
11:20 — துடிப்பு திரும்பியது.

“சார், கொஞ்சம் பயமுறுத்திட்டீங்க” என்று டாக்டர் கன்னத்தைத் தட்டியது நினைவிருக்கிறது. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அன்று வாங்கிவைத்திருந்த நம்பரில் அவளுக்கு ஃபோன் செய்தேன்.

“பத்தொன்பதை நான் எழுதல சார். அதுவா வந்துது. சுவத்துல அப்ப பதினாறுதான். நீங்க பாட்டுக்குக் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தீங்க. பயத்துல, இருபதுல துடிப்பு திரும்புச்சுன்னு அடியில நான் எழுதிட்டேன். வேற என்ன பண்றது?”

“நான் இப்ப ஒரு கதை எழுதிக்கிட்டிருக்கேன்மா. அதுல நீங்க—”

“நாளைக்குச் சாயந்திரம் பேசலாமா சார்? காலைல எங்க அண்ணனுக்கு ஆஞ்சியோ. கூட வேலை பாக்குற பொண்ணுக்குத் திடீர்னு காய்ச்சல். நான்தான் உக்காரணும்.”

அவளுக்கு அண்ணன் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் நான் இட்டுக்கட்டியவர்.

5

பத்து நாற்பத்திரண்டை அடித்துப் பார்த்தேன். தாளையே கிழித்துப் பார்த்தேன். புதுத் தாளில் கதையை எப்படித் தொடங்கினாலும் கை அந்த வரியில்தான் போய் நிற்கிறது. சரி, அடியிலாவது சேர்ப்போம் என்று மூன்று முறை எழுதினேன். மறுபடி பார்த்தால் நேரம் மட்டும் இருக்கிறது, எதிரே வெறும் கோடு. மேசையில் படுத்தவன் எழுதினால் செல்லாது போலிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்தான் எழுத வேண்டும்.

அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. உள்ளே அண்ணன் இன்னும் டாக்டரிடம் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். கையில் பேனா இருக்கிறதா?

எனக்கு ஒருத்தி எழுதினாள். அதனால்தான் இதை நீங்கள் படிக்கிறீர்கள். சுவரில் பத்து நாற்பது ஆகிறது.

10:43 —