சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் கணவர் இறந்த இரண்டாம் மாதம் கொழுந்தன் எங்கள் மரப் பட்டறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். கதவு, ஜன்னல், மெயின் சுவிட்ச் மூன்றும் அவர் பக்கம். என் பக்கம் சுவரும் ஒட்டடையும்.

"மெஷின் ஒன்றரை அடி இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு அண்ணி. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுங்க. இல்லன்னா ஆள் வெச்சு வெளிய போட்டுடுவேன்."

"எனக்குச் சோறு போடுறது அதுதான் தம்பி."

"ஓட்டுனது அண்ணன். நீங்க தூசிதானே தட்டுனீங்க."

நான்கு வருடமாகக் கதவுப் பலகைகளுக்குப் பூவேலை வரைந்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் அந்த சி.என்.சி. ரூட்டரில் ஏற்றியது நான். கட்டில் மாதிரி படுத்துக் கிடந்த அதை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தால் இரண்டடிக்குள் அடங்கும். தெருமுனை வெல்டரைக் கூப்பிட்டேன்.

"நிமித்திடலாம்க்கா. ஆனா கரண்டு போனா மோட்டாருக்குப் பிடி இருக்காது. கட்டர் மாட்டுன குறுக்குச் சட்டம், அந்தப் பாலம், மொத்தமா கீழ வந்துடும். கை உள்ள இருந்துச்சுன்னா அவ்வளவுதான்."

கொழுந்தன் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணனைத்தான் எழுப்ப முடியல, மெஷினையாவது எழுப்புறீங்களே அண்ணி," என்றார்.

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொழுந்தன் போன பிறகு நானும் வெல்டரும் மெஷினை நிமிர்த்தி, பாலத்தைக் கழற்றி எடை போட்டோம். இருபத்தாறு கிலோ. உடம்பைக் குறைக்கிறேன் என்று என் கணவர் வாங்கி, ஒருநாளும் தூக்காமல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த எடைத் தட்டுகள் மூலையில் கிடந்தன. அதே எடைக்கு அவற்றைக் கோத்து, பாலத்தை மேலே இழுத்துப் பிடிக்கும்படி கம்பிக் கயிற்றில் கப்பி வழியாக மெஷினுக்குப் பின்னால் தொங்கவிட்டோம்.

வெள்ளிக்கிழமை கொழுந்தன் டேப்போடு வந்தார். இருபத்திரண்டு அங்குலம். மறுபடி அளந்தார். அப்போதும் இருபத்திரண்டுதான். நான் பாலத்துக்கு அடியில் கையை விட்டுப் பலகையை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

டக்கென்று சத்தம். மின்விசிறி நின்றது.

பாலம் என் தலைக்கு மேல் இருந்த இடத்திலேயே நின்றது. பின்னால் தட்டுகள் லேசாக ஆடின. கையை மெதுவாக வெளியே எடுத்தேன்.

"தெரியாம கை பட்டுடுச்சு அண்ணி."

"சுவிட்ச் ஆளுயரத்துக்கு மேல இருக்கு தம்பி. ஸ்டூலை எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நான் கூப்பிட்ட எலக்ட்ரீசியன் என் சுவரில் தனி சுவிட்ச் வைத்தார். அதற்கான ஒயர் கோட்டைத் தாண்டி, கொழுந்தன் பக்கத்துச் சுவர் முழுக்க ஓடியது. எலக்ட்ரீசியன் ஏறிய ஸ்டூலைக் கொழுந்தன்தான் பிடித்துக்கொண்டார்.